வண்டித்தடத்துப் பலகை

எழுபது வயதில் ஒருவன் ஆணிமேல் ஏறி நிற்கக் கற்றுக்கொள்ளப் போகிறான் என்றால், ஒன்று அவனுக்கு வேறு வேலை இல்லை, இல்லையென்றால் அவன் மகளுக்கு அவன்மேல் அக்கறை அதிகம். என் விஷயத்தில் இரண்டும் உண்டு. மனைவி போன பிறகு தஞ்சாவூரில் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் உயிர் போகும். மாத்திரை, உப்பு ஒத்தடம், செருப்புக்குள் வைக்கிற ரப்பர் மெத்தை எல்லாம் பார்த்தாயிற்று. மகள் எந்நேரமும் செல்போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு நாள் இதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, ஆணிப் பலகை மேல நிக்கிறாங்கப்பா. கால் வலி, முதுகு வலி, மன அழுத்தம் எல்லாம் போகுதாம். நம்ம ஊர்லயே கிளாஸ் நடக்குது."

"எனக்கு மன அழுத்தம் இருக்குன்னு உன்கிட்ட யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். உங்களைப் பார்த்தாலே தெரியுது."

மருத்துவக் கல்லூரி சாலைக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மாடி. காலை பத்து மணி வகுப்பு. பயிற்சி கொடுக்கிறவள் ஒரு சின்னப் பெண், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். என்னைப் போல ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் வசதியானவர்கள், எல்லோருக்கும் ஏதோ ஒரு வலி. அவள் முதலில் பலகையை வெளியே எடுக்கவே இல்லை. சுகர் இருக்கிறதா, காலில் புண் இருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறோமா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, முனை மழுங்கிய பென்சிலால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, எங்கே தொட்டேன் சொல்லுங்கள் என்றாள். ஒரு ஓய்வுபெற்ற அதிகாரிக்குச் சுண்டுவிரல் பக்கம் தொட்டது தெரியவில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள்.

"வலி தெரியாத காலுக்கு இது இல்ல சார். வலி தெரியணும். தெரிஞ்சாத்தான் ஏறலாம்" என்றாள்.

எனக்கு எல்லா இடத்திலும் தெரிந்தது.

பிறகுதான் பலகைகளைக் கொண்டுவந்து வைத்தாள். காலடி அளவில் ஒரு ஜோடி. பளபளவென்று பாலிஷ் போட்ட மரத்தில் நூற்றுக்கணக்கான ஆணிகள், முனை மேலே பார்க்க, சீப்புப் பல் மாதிரி வரிசையாக நின்றன. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தாள்.

"பயப்படாதீங்க சார். ஆணி இவ்ளோ நெருக்கமா இருக்கறதாலதான் உள்ள ஏறாது. உங்க வெயிட்டை எல்லா ஆணியும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கும். தள்ளித் தள்ளி இருந்தாத்தான் ஆபத்து."

"தெரியும்மா."

"எப்படி சார் தெரியும்?"

"வாத்தியார் வேலை பார்த்தவன். கொஞ்சம் பிசிக்ஸ் தெரியும்" என்றேன்.

பொய். எனக்கு அது தெரிந்தது வேறு விதத்தில். பதினெட்டு வயதில், பலகைக்கு ஐந்து ஆணி வீதம் தள்ளித் தள்ளி அடித்து, மூன்று பலகை செய்தவன் நான். அவற்றில் ஒன்றை மிதித்து என் அக்கா செத்துப்போனாள். அதை வைத்தவர் என்று எங்கள் தெருக்காரர் ஒருவர்மேல் பழி விழுந்தது. அவர் சாகும்வரை அதைச் சுமந்தார். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்கு மேற்கே, வாய்க்கால் கரைகளே சாலையாக இருந்த பகுதி. அப்போது உதயசூரியன் ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அறுவடைக் கூலி இவ்வளவு என்று அரசாங்கம் சொல்லியிருந்தும், எங்கள் ஊர்ப் பண்ணை கொடுக்கவில்லை. பழைய கூலிக்குத்தான் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியூர் ஆளைக் கொண்டுவருவேன் என்றது. தை மாதம், சம்பா சாய்ந்து கிடக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர்கூட அரிவாள் எடுக்கவில்லை. மதகடியில் உட்கார்ந்து, வெளியாட்களை ஏற்றிவரும் லாரியை மறிப்பது என்று சங்கத்தில் முடிவாயிற்று. சங்கச் செயலாளர் ரொம்பக் கண்டிப்பானவர்.

"மறிக்கிறதோட சரி. எவன் மேலயும் கை படக்கூடாது. லாரியில வர்றவனும் நம்மள மாதிரி கூலிதான்" என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார்.

நான் அப்போது மன்னார்குடியில் பியூசி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் ஆள். படித்தவன் என்கிற திமிர், பதினெட்டு வயது ரத்தம், இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. உட்கார்ந்து மறிப்பதெல்லாம் கிழவர்கள் வேலை என்று நினைத்தேன். டயர் போனால் லாரி எப்படி வரும்? உடைந்துபோன மாட்டுவண்டி ஒன்று குப்பைமேட்டில் கிடந்தது. அதன் பக்கப்பலகையிலிருந்து மூன்று துண்டு அறுத்தேன். அதிலிருந்தே பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி அடித்தேன். பலகைக்கு ஐந்து. டயருக்கு அது போதும். யாரிடமும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு நான்தான் என்று சொல்லி எல்லோரையும் வாய்பிளக்க வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பண்ணைக்குப் போகிற வண்டிப்பாதையில் சக்கரம் ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் குழிந்திருக்கும். நடுவில் மேடு. எங்கள் ஜனம் வெறுங்காலில் நடுமேட்டில்தான் நடக்கும். தடத்தில் சேறு என்பதால் யாரும் அதில் கால் வைப்பதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தடத்தில் பலகைகளைப் பதித்து, மேலே பதரை அள்ளித் தூவினேன். எல்லாவற்றையும் யோசித்துச் செய்ததாகவே நினைத்தேன். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. தூரத்தில் பண்ணையின் களத்துக் காவல்காரர் மண்வெட்டியோடு மடை கட்டப் போய்க்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்த்தேன்.

லாரி வரவில்லை. மதகடியில் கூட்டம் இருப்பது தெரிந்து, பண்ணை ஆட்களை அடுத்த ஊரிலேயே இறக்கி, வயல் வரப்பு வழியாக நடத்திக் கூட்டிவந்துவிட்டது. அந்தப் பக்கம் அறுப்பு தொடங்கிவிட்டது என்று சத்தம் கேட்டு எல்லோரும் மதகடியை விட்டு ஓடினோம். நானும் ஓடினேன். பலகை என் நினைவில் இல்லை. மதகடியில் இருப்பவர்களுக்கென்று அக்கா கஞ்சிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிப்பாதையில் வந்திருக்கிறாள். எதிரே ஒரு வைக்கோல் வண்டி. பானையோடு தாண்டிக் குதிக்க முடியாமல், ஓரத்துக்கு ஒதுங்க நடுமேட்டிலிருந்து தடத்தில் இறங்கியிருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் உட்கார்ந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து உள்ளங்காலில் அப்பிக்கொண்டிருந்தாள். ஆணி குத்திய இடத்தில் ஒரு சின்னத் துளை. அவ்வளவுதான். ரத்தம்கூட நின்றிருந்தது. கஞ்சி கொட்டிப்போனதைப் பற்றித்தான் அவளுக்கு வருத்தம்.

"எவனோ கட்டையில போறவன் பலகையில ஆணிய அடிச்சுப் போட்டிருக்கான்டா" என்றாள்.

அன்று சாயங்காலம் மற்ற இரண்டு பலகைகளையும் தோண்டி எடுத்து ஆற்றில் விட்டேன். அக்கா மிதித்த பலகையை யாரோ எடுத்துப்போய்ச் சங்கத்துக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன், துருப்பிடித்த ஆணி, ரணஜன்னி, டெட்டனஸ் ஊசி, எல்லாம். ஒரு தடவை சொன்னேன்.

"ஊசி போட்டுட்டு வந்துடலாமாக்கா?"

"ஆணி குத்தினதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? போடா."

அதோடு விட்டுவிட்டேன். அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், அப்பாவிடம் சொல்லி மிரட்டியிருக்கலாம். நான் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆணி, எங்கே இருந்தது, யார் வைத்தது என்று கேட்பார்கள் என்ற பயம் எனக்கு. அந்தப் பயத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நாளே அவள் அந்தக் காலோடு சேற்றில் இறங்கிக் கீரை பறித்தாள்.

எட்டாம் நாள் காலையில் வாய் திறக்க முடியவில்லை என்று ஜாடை காட்டினாள். மாட்டுவண்டியில் வைத்து, பிறகு பஸ்ஸில் ஏற்றி, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உடம்பு பின்பக்கமாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் படுக்கவைத்த இடத்தில் படும்படி ஆகிவிட்டது. ஜன்னல் வழியாக வெளிச்சம் பட்டால் இழுத்தது. யாராவது பேசினால் இழுத்தது. நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்தது. இரண்டாம் நாள் போய்விட்டாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது.

அதுவரை அந்தப் பலகையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவு விழுந்ததும் அது கொலை ஆயிற்று. போலீஸ் வந்தது. சங்கச் செயலாளர் அழுதுகொண்டே சொன்னார்: "எங்க ஜனம் வெறுங்கால்ல நடக்குற பாதைங்க. அதுல எங்க ஆளு ஆணி வைப்பானா? இது பண்ணை ஆளு செஞ்ச வேலை." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் உண்மை. அவர் மட்டுமல்ல, எங்கள் ஊரில் யார் யோசித்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பார்கள். செருப்புப் போடாத ஒருவன் தன் ஜனத்தின் பாதையில் ஆணியை வைப்பான் என்று எவருக்கும் தோன்றாது.

களத்துக் காவல்காரர் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்தான். ஆனால் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. காவல் வேலையை விட்டால் குடியிருக்கும் மனையையும் பண்ணை பிடுங்கிக்கொள்ளும் என்று பயந்து ஒதுங்கியிருந்தார். அன்று விடியற்காலையில் அவர் அந்தப் பக்கம் மண்வெட்டியோடு போனதை வேறு ஒருவரும் பார்த்திருந்தார். இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார்.

"செத்த பொண்ணோட தம்பிதானே நீ? இந்த ஆளை அங்க பார்த்தியா?"

காவல்காரர் என்னைப் பார்த்தார். மடை கட்டத்தான் போனேன் தம்பி, சொல்லு தம்பி என்று கெஞ்சுகிற மாதிரி பார்த்தார்.

"பார்த்தேன் சார். மண்வெட்டியோட போனாரு" என்றேன்.

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து நான் பல வருஷம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சில மாதம் உள்ளே வைத்திருந்து, சாட்சி போதாது என்று விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. அவர் வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுப்பதில்லை, அவரிடம் யாரும் வாங்குவதில்லை. நடவுக்கு ஆள் கூப்பிடும்போது அவர் மனைவியைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவார்கள். கெட்ட பேர் வந்ததும் பண்ணையும் அவரைக் கழற்றிவிட்டது. பின்னால் அரசாங்கம் எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா கொடுத்தபோது, ஊரார் எழுதிக்கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார். எங்கள் அப்பா பெயர் பட்டியலில் முதலில் இருந்தது.

அக்காவுக்கு மதகடியில் ஒரு தூண் நட்டார்கள். ஒவ்வொரு தை மாதமும் மாலை போட்டுக் கூட்டம் நடக்கும். நான் வாத்தியார் ஆனதிலிருந்து அங்கே கடைசியாகப் பேசுவது நான்தான். நன்றாகப் பேசுவேன். பெண்கள் அழுவார்கள்.

ஆணிப் பலகை வகுப்புக்கு மறுபடி வருகிறேன். முதல் நாள் அந்தப் பெண் சொன்ன முறை இதுதான். சுவரை ஒட்டி ஒரு நாற்காலி. அதன் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு காலை மட்டும் பலகைமேல் வைத்து, பாரம் கொடுக்காமல் இருக்க வேண்டும். பிறகு பாதி பாரம். மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். ஒரு நிமிஷம் போதும். இறங்கும்போது கால் மாற்றி இறங்கக் கூடாது, உட்கார்ந்துதான் காலை எடுக்க வேண்டும். எல்லாம் கேட்டுக்கொண்டேன். வலது காலை வைத்தேன். குதிகாலில் தொடங்கிய வலி மண்டைக்கு ஏறியது. பாரம் கொடுத்ததும் "அக்கா" என்று கத்திவிட்டேன்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு அம்மாள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். இன்னொருவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் சகஜமாம்.

"எதையோ உள்ளயே வச்சிருக்கீங்க சார். விட்டுடுங்க. வலி வரும்போது அதுவும் கூடவே வெளிய போயிடும்" என்றாள் அந்தப் பெண்.

அவள்மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மாதச் சந்தா கட்டினால் போய்விடுகிற விஷயமா அது? மகளிடம் இனி போக மாட்டேன் என்று சண்டை பிடித்தேன். இரண்டு நாள் கழித்து நானாகவே போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வலி எனக்கு வரவேண்டிய வலி என்று ஒரு எண்ணம் இருந்தது. அதை அங்கே வாங்கிக்கொள்ள முடிந்தது.

ஒரு மாதத்தில் இரண்டு காலையும் வைத்து நின்றேன். அடுத்த மாதம் நாற்காலியை விட்டேன். முதல் அரை நிமிஷம் பொறுக்க முடியாது. பிறகு பாதம் சூடாகி, வலி கரைந்து, உடம்பே மிதக்கிறது போல ஒன்று வரும். ஐந்து நிமிஷம் நின்று இறங்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். குதிகால் வலியும் பாதி குறைந்திருந்தது. மகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், போட்டோ எடுத்து அமெரிக்காவில் இருக்கும் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. அந்த லேசில் ஒரு தைரியம் வந்தது. இதையே தாங்கிவிட்டோம், அதைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. காவல்காரர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவர் மனைவி இருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் காலை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன்.

பங்குனி மாதம். அறுத்த வயலில் விதைத்த உளுந்து முற்றியிருந்தது. வாய்க்கால் கரையில் அதே இடத்தில், குடிசையின் ஓலை மாறித் தகர ஷீட் ஆகியிருந்தது. வாசலில் படுதா விரித்து, அவர் மனைவி உளுந்துச் செடியைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார். தெரு முறைக்கு எனக்கு அண்ணி. ஒரு காலத்தில் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க சார்" என்றார். கம்பைக் கீழே போடவில்லை.

உட்கார்ந்தேன். நான் சொல்ல வேண்டியதை பஸ்ஸில் நாலைந்து முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அப்படியே சொன்னேன். குப்பைமேட்டு வண்டி, மூன்று பலகை, பதர், இன்ஸ்பெக்டர் கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும். சொல்லும்போது அழுதேன். அவர் அழவில்லை. நான் பேசி முடிக்கும் வரை செடியைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமா அண்ணி."

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அவரு வைக்கலன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கி அவருக்குப் பின்னாடியே மடையடிக்குப் போனவ நான். அவரு மண்ணை வெட்டிப் போட்டாரு, நான் வாரி அணைச்சேன். போலீஸ்ல சொன்னேன். பொண்டாட்டி பேச்சை எவன் கேட்டான்?"

மடையில் அவரோடு இன்னொருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"என்னை மன்னிச்சிருங்க அண்ணி" என்றேன்.

"சொல்லிட்டீங்க. உங்களுக்கு லேசாயிருச்சு. முகத்துலயே தெரியுது." கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நான் அவரை ஒருநாளும் சந்தேகப்படல. சந்தேகப்பட்டவன்கிட்ட போயி சொல்லுங்க. எம்புள்ள நம்புனான். அப்பன்தான் அந்தப் பொண்ணைக் கொன்னான்னு நம்பி, விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அவருகூட ஒரு வார்த்தை பேசல. ஒரே கூரைக்குள்ள இருந்துகிட்டு பேசல. சாகுறப்ப வாயில தண்ணி ஊத்துடான்னு நான் கால்ல விழாத குறையா கேட்டேன். ஊத்துனான். மூஞ்சைத் திருப்பிக்கிட்டு ஊத்துனான். அவருக்கு அதுதான் தாங்கல சார். ஜெயிலு, பட்டா இதெல்லாம் அவரு சொன்னதே இல்ல. எம்புள்ள எங்கிட்ட பேச மாட்டேங்கிறான்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அந்தப் பையனை எனக்குத் தெரியும். என்னிடம்தான் ஐந்தாம் வகுப்புப் படித்தான். கணக்கு நன்றாக வரும். மற்ற பிள்ளைகள் அவனை ஆணிக்காரன் மகன் என்று கூப்பிடுவார்கள். நான் கேட்காதது மாதிரி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் போய்க் கேட்கவும் இல்லை.

"அவன் சாப்பிட வர்ற நேரந்தான். இருங்க. அவன்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றார்.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது அவனுக்கு. தலை நரைத்திருந்தது. அப்பனின் முகம் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"வாங்க சார். எப்ப வந்தீங்க?"

"சாரு ஏதோ சொல்லணுமாம். நின்னு கேளு" என்றார் அவன் அம்மா.

இரண்டாவது முறை சொன்னேன். இந்த முறை அழுகை வரவில்லை, வார்த்தையும் சரியாக வரவில்லை. முன்னால் இருந்ததைப் பின்னாலும், பின்னால் இருந்ததை முன்னாலும் சொன்னேன். அவன் நின்றபடியே கேட்டான். கோபப்படுவான், அடிப்பான், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவன் கையில் இருந்த துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு பேசினான்.

"நான் அஞ்சாவது படிக்கிறப்ப பெஞ்சுல ஒரு ஆணி துருத்திக்கிட்டு இருந்துச்சு சார். ஒரு பையன் டிராயரை அது கிழிச்சிருச்சு. 'இவங்கப்பா வந்து அடிச்சிட்டுப் போயிருப்பாரு சார்'னு ஒருத்தன் என்னைக் காட்டினான். கிளாஸே சிரிச்சுது. ஞாபகம் இருக்கா சார்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லும்போதே ஞாபகம் வந்துவிட்டது.

"அதுவரைக்கும் நான் எங்கப்பாவை நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். பசங்க சொல்றதெல்லாம் காதுலயே வாங்குனதில்ல. அன்னிக்கி உங்களைப் பார்த்தேன். செத்துப்போனது உங்க அக்கா. உங்களுக்குத் தெரியாததான்னு உங்க மூஞ்சியப் பார்த்தேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "நீங்களும் சிரிச்சீங்க சார். அதனாலதான் நம்புனேன்."